மேற்கோள் மென்பொருளும் தரவுத்தள மேம்படுத்தலும்: ஜோட்டெரோ பற்றிய ஒரு திறனாய்வு

1. முன்னுரை

ஆராய்ச்சி சான்றுகளின் மேல் எழுப்பப்படும் கட்டடம். இன்ன கருத்து இன்ன நூலின் இன்ன பக்கத்தில் உள்ளது என்று காட்ட இயலாத ஆய்வுரை, எத்துணை நயமுடையதாயினும், அறிஞர் அவையில் நிற்பதன்று. ஆதலின் நூற்குறிப்புகளைத் தொகுத்தலும் காத்தலும் ஆராய்ச்சிக்குப் புறத்தே நிகழும் சிறு பணிகள் அல்ல. ஆராய்ச்சியின் உறுப்புகளே ஆகும். முன்னாளில் அட்டைகளிலும் குறிப்பேடுகளிலும் இருந்த இக்குறிப்புகளை இன்று ஆய்வாளர் பலர் கணினியில் மேற்கோள் மேலாண்மை மென்பொருள்களின் பொறுப்பில் விட்டுள்ளனர். பத்தாண்டு உழைப்பு ஒரே கோப்பினுள் அடங்கிக் கிடக்கின்றது.

மென்பொருளின் புதிய பதிப்பு வருங்கால், அக்கோப்பின் உள்ளமைப்புப் புதிய முறைக்கு மாற்றப்படுவதுண்டு. அதனையே தரவுத்தள மேம்படுத்தல் என்கின்றனர். அம்மாற்றம் நெடுநேரம் முடியாது நின்றாலும், இடையே முறிந்தாலும், ஆய்வாளர் கலங்குவது இயல்பே. அக்கலக்கத்தில் பொறியை நிறுத்துவோரும், கண்ணிற்பட்ட கோப்புகளை அழிப்போரும், எல்லாவற்றையும் புதிதாக நிறுவுவோரும் உளர். மேம்படுத்தல் தானே விளைக்கும் கேட்டினும், அதனைக் கண்டு அஞ்சிச் செய்யும் செயல்கள் விளைக்கும் கேடே பெரிது என்பது இக்கட்டுரையில் யாம் நிறுவ முற்படும் கருத்தாகும். அவ்வச்சத்தைத் தணிக்க வேண்டிய பொறுப்பு மென்பொருளை ஆக்கியோர்க்கும் உண்டு. அப்பொறுப்பை அவர்கள் எவ்வளவிற்கு நிறைவேற்றியுள்ளனர் என்பதையும் ஈண்டு ஆராய்வோம். ஆய்விற்கு எடுத்துக்கொண்ட மென்பொருள், பல்கலைக்கழகங்களில் பரவலாக வழங்கும் ஜோட்டெரோ ஆகும்.

2. மென்பொருளும் அதன் சேமிப்பு முறையும்

ஜோட்டெரோ அமெரிக்க நாட்டின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் வரலாறு, புதிய ஊடக மையத்தில் தோன்றியது. 2006ஆம் ஆண்டு ஃபயர்ஃபாக்ஸ் என்னும் உலாவியின் செருகுநிரலாக வெளிவந்த அது, பின்னர்த் தனித்து இயங்கும் மென்பொருளாக வளர்ந்தது. வரலாற்றறிஞர் தம் தேவைக்கென வகுத்த கருவி என்பது அதன் தனிச்சிறப்பு. விலையின்றிக் கிடைப்பதும், மூலநிரலை எவரும் பார்க்க இயல்வதும் அதன் பிற சிறப்புகள்.

இம்மென்பொருள் ஆய்வாளரின் தொகுப்பை இருவகையாகச் சேமிக்கின்றது. நூற்பெயர், ஆசிரியர், ஆண்டு, குறிப்பு, குறிச்சொல், வகைப்பாடு ஆகிய அனைத்தும் 'ஜோட்டெரோ.எஸ்க்யூலைட்' என்னும் ஒரே கோப்பில் அடங்கும். கட்டுரைகளின் பி.டி.எஃப். படிகள் முதலியன 'ஸ்டோரேஜ்' என்னும் கோப்புறையினுள், எட்டெழுத்துப் பெயர் தாங்கிய சிறு கோப்புறைகளில் தனித்தனியே கிடக்கும். அவ்வெட்டெழுத்துப் பெயரே உரிய பதிவோடு படியை இணைக்கும் கயிறு. இரண்டினுள் ஒன்று சிதைந்தாலும் மற்றொன்று எஞ்சுதல் கூடும் என்பதை முதற்கண் உளங்கொள்ளல் வேண்டும்.

முதற்கோப்பின் அமைப்பு எஸ்க்யூலைட் என்னும் தரவுத்தளப் பொறியைச் சார்ந்தது. ரிச்சர்டு ஹிப் என்பார் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட இப்பொறி பொதுவுடைமையாக விடப்பட்டது. கைப்பேசிகளிலும் உலாவிகளிலும் எண்ணிறந்த இடங்களில் அது வழங்குகின்றது. எனவே ஜோட்டெரோவின் கோப்பு அம்மென்பொருளால் மட்டுமே படிக்கத்தக்கது அன்று; எஸ்க்யூலைட்டை அறிந்த எக்கருவியாலும் படிக்கத்தக்கது. இவ்வியல்பின் பயன் பின்னர் விளங்கும்.

3. மேம்படுத்தல் என்பது யாது?

தரவுத்தளம் பல அட்டவணைகளால் ஆயது. பதிவுகளுக்கு ஓர் அட்டவணை, ஆசிரியர் பெயர்களுக்கு ஓர் அட்டவணை, குறிப்புகளுக்கு ஓர் அட்டவணை என அவை பிரிந்து நிற்கும். புதிய பதிப்பில் புதிய வசதி ஒன்று சேருமாயின், அதற்கேற்ப அட்டவணைகளின் அமைப்பும் மாறவேண்டும். எஸ்க்யூலைட்டில் ஏற்கனவே உள்ள அட்டவணையின் அமைப்பை நேரே திருத்தும் வழிகள் குறைவு. ஒரு பத்தியைப் புதிதாகச் சேர்த்தல் எளிது. அதனினும் ஆழ்ந்த மாற்றங்கள் பலவற்றிற்குப் புதிய அட்டவணை ஒன்றை அமைத்து, பழைய அட்டவணையின் வரிகளையெல்லாம் அதனுள் பெயர்த்தெழுதி, பழையதை நீக்கி, புதியதற்குப் பழைய பெயரைச் சூட்டுதலே முறையாக வகுக்கப்பட்டுள்ளது.

சுவடிகளைப் பதிப்பித்தலில் பழகிய நமக்கு இச்செயல் புதிதன்று. இற்றுப்போகும் ஏட்டிலிருந்து புதிய ஏட்டிற்குப் பெயர்த்தெழுதும் பணியும் இத்தன்மையதே. பெயர்த்தெழுதுவோர் முடித்து ஒப்புநோக்கும் வரையில் மூல ஏட்டைக் கைவிடலாகாது என்பது அத்துறையின் முதல் நெறி. அந்நெறி எங்கே காக்கப்பட்டது, எங்கே பிறழ்ந்தது என்று நோக்கினால், மேம்படுத்தலில் நேரும் இடர்கள் பெரும்பாலானவற்றின் காரணம் புலனாகும்.

ஜோட்டெரோவின் வரலாற்றில் இத்தகைய மாற்றங்கள் பல. 2017ஆம் ஆண்டு வந்த ஐந்தாம் பதிப்பு மென்பொருளை உலாவியினின்றும் முற்றப் பிரித்தது. தரவுக் கோப்புறையையும் உலாவியின் உள்ளிடத்திலிருந்து பயனரின் முதன்மைக் கோப்புறைக்குக் கொணர்ந்தது. 2022ஆம் ஆண்டு வந்த ஆறாம் பதிப்பு, பி.டி.எஃப். படிகளைத் தன்னுள்ளேயே படிக்கவும் குறியிடவும் வழி செய்தது. 2024ஆம் ஆண்டு வந்த ஏழாம் பதிப்பு மென்பொருளின் அடித்தளத்தையே புதுப்பித்தது. பழைய செருகுநிரல்கள் பல அதனோடு இயையாமல் நின்றன.

இவற்றுள் ஆறாம் பதிப்பின் மாற்றத்தைத் தனியே சுட்டுதல் வேண்டும். அதன்பின் ஆய்வாளர் ஜோட்டெரோவினுள் ஒரு பி.டி.எஃப். படியில் இடும் அடிக்கோடும் ஓரக்குறிப்பும் அப்படியில் எழுதப்படுவதில்லை, தரவுத்தளத்திலேயே எழுதப்படுகின்றன. அவற்றைப் படியில் சேர்க்க வேண்டுமாயின் அதற்கென ஏற்றுமதி செய்தல் வேண்டும். ஆகவே தரவுத்தளம் சிதைந்தால், நூற்பட்டியல் மட்டுமன்றி, பல்லாண்டு படித்த படிப்பின் தடமும் உடன் அழியும். ஒரு கோப்பின் மேல் ஏற்றப்பட்ட சுமை முன்னினும் பெரிதாகியுள்ளது என்க.

4. மென்பொருளே செய்து வைத்துள்ள காப்புகள்

மேம்படுத்தலின் இடர்களை ஆக்கியோர் அறியாதாரல்லர். இரண்டு காப்புகளை அவர்கள் அமைத்துள்ளனர்.

முதலாவது, எஸ்க்யூலைட்டின் இயல்பாகவே அமைந்தது. தரவுத்தளத்தின் ஒரு பகுதியை மாற்றுமுன், அப்பகுதியின் பழைய வடிவை ஒரு துணைக்கோப்பில் அது எழுதி வைத்துக்கொள்ளும். அத்துணைக்கோப்பின் பெயர் தரவுத்தளத்தின் பெயரோடு 'ஜர்னல்' என்னும் சொல் ஒட்டியதாக இருக்கும். மாற்றம் முழுதும் முடிந்ததும் துணைக்கோப்பின் வேலை ஒழியும். இடையே மின்சாரம் அற்றாலோ மென்பொருள் முறிந்தாலோ, அடுத்த முறை திறக்குங்கால் பொறி அத்துணைக்கோப்பைக் கண்டு, பழைய பகுதிகளை உரிய இடத்தில் மீண்டும் வைத்து, தரவுத்தளத்தைத் தொடக்க நிலைக்கே கொணரும். முழுதும் நிகழ்தல் அல்லது சிறிதும் நிகழாமை என்னும் இரண்டனுள் ஒன்றே அமைய வேண்டும் என்பது இதன் கோட்பாடு.

இரண்டாவது, ஜோட்டெரோ தானே செய்வது. அமைப்பை மாற்றும் மேம்படுத்தலுக்கு முன் பழைய தரவுத்தளத்தின் முழுப்படி ஒன்றை அதே கோப்புறையில் எடுத்து வைக்கும். அப்படியின் பெயரில் பழைய அமைப்பின் எண்ணும் 'பேக்' என்னும் ஈறும் இருக்கும். அன்றாடப் பயன்பாட்டின்போதும் எண்ணில்லாத 'பேக்' படி ஒன்றை அவ்வப்போது புதுப்பித்து வரும். மூல ஏட்டைக் கைவிடாமை என்னும் நெறி இங்கே கருவியின் உள்ளேயே பொதிந்துள்ளது. இதனைப் பாராட்டாதிருத்தல் நேர்மையன்று.

5. தாமதத்தின் காரணங்கள்

மேம்படுத்தல் தொடங்கி நெடுநேரமாகியும் முடியாதபோது, அது நின்றுவிட்டதா, இயங்கிக்கொண்டுள்ளதா என்பதே முதல் வினா. இவ்வினாவிற்குத் திரையை நோக்கி விடை காணல் அரிது. தரவுக் கோப்புறையை நோக்கினால் விடை கிடைத்தல் கூடும். தரவுத்தளக் கோப்போ அதன் துணைக்கோப்போ அளவில் வளர்கின்றதா, திருத்திய நேரம் மாறுகின்றதா என்று சிறிது இடைவெளிவிட்டு இருமுறை பார்த்தல் வேண்டும். மாறுமாயின் வேலை நடைபெறுகின்றது என்பது உறுதி. அந்நிலையில் காத்திருத்தலே செயற்பாலது. மாற்றம் காணப்படாமையால் மட்டுமே நின்றுவிட்டது எனத் துணிதலும் கூடாது. கணினியின் பணிப்பட்டியலில் அம்மென்பொருள் செயலியையும் வன்தட்டையும் பயன்படுத்துகின்றதா என்பதையும் சேர்த்து நோக்குக.

தாமதத்திற்கு நான்கு காரணங்கள் பெரிதும் காணப்படுவன. கோப்பின் பருமை ஒன்று. ஆயிரக்கணக்கான பி.டி.எஃப். படிகளை வைத்திருப்போரின் தரவுத்தளத்தில், அப்படிகளின் சொற்களுக்கெல்லாம் ஆக்கப்பட்ட தேடற்சொல்லடைவும் சேர்ந்திருக்கும். நூற்பதிவுகளினும் அச்சொல்லடைவே மிகுந்த இடத்தைக் கொள்ளுதல் உண்டு. வன்தட்டின் இயல்பு மற்றொன்று. சுழலும் பழைய வகைத் தட்டுகள், பரந்து கிடக்கும் சிறு சிறு பகுதிகளைப் படித்து எழுதுவதில் மிக மெதுவானவை. பழுதுறத் தொடங்கிய தட்டு இன்னும் மெதுவாகும்.

மூன்றாவது காரணம் கோப்புறை இருக்கும் இடம். பிணைய வட்டிலோ, டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ் போன்ற மேகச் சேமிப்பு ஒத்திசைக்கும் கோப்புறையிலோ தரவுத்தளத்தை வைத்திருப்போர் உளர். ஒவ்வொரு முறை எழுதும்போதும் அச்சேவை கோப்பைப் பிடித்து மேலேற்ற முயலும். இதனால் தாமதம் மட்டுமன்றிச் சிதைவும் நேரும்; தரவுத்தளம் ஒரு நேரத்தினதாகவும் துணைக்கோப்பு வேறொரு நேரத்தினதாகவும் அமைந்துவிடும். தரவுக் கோப்புறையை அத்தகைய இடத்தில் வைத்தலாகாது என்று ஜோட்டெரோவின் ஆக்கியோரே எச்சரித்துள்ளனர். நச்சுநிரல் தடுப்பி ஒவ்வொரு எழுத்தையும் இடைநின்று ஆராய்தல் நான்காவது காரணமாகும்.

இவற்றோடு இடக்குறைவையும் எண்ணுதல் வேண்டும். மேம்படுத்தலுக்கு முன் முழுப்படி ஒன்று எடுக்கப்படுகின்றது, துணைக்கோப்பும் வளர்கின்றது, புதிய அட்டவணைகள் பழையவற்றோடு சிறிதுநேரம் ஒருங்கே நிற்கின்றன. எனவே கோப்பின் அளவைப்போல் மும்மடங்கேனும் வெற்றிடம் இருத்தல் நலம். இதனை முன்னரே நோக்காதார் இடையில் முறிவைக் காண்பர்.

காத்திருந்தும் பயனில்லை எனத் தெளிந்து மென்பொருளை வலிந்து நிறுத்த நேரிடின், அதனாலேயே தரவு அழிந்துவிடும் என அஞ்சவேண்டுவதில்லை. முன்னர்க் கூறிய துணைக்கோப்பு அதற்காகவே அமைந்தது. அஞ்சத்தக்கது வேறொன்று: நிறுத்தியபின் கோப்புறையைத் திறந்து, முன்பு காணாத துணைக்கோப்பு ஒன்று கிடப்பதைக் கண்டு, அது தேவையற்ற மிச்சம் எனக் கருதி அழித்தல். பாதி மாறிய தரவுத்தளத்தை மீட்கும் நேர்வழி அவ்வழிப்பினால் அடைபடுகின்றது. தரவுத்தளத்தை மட்டும் வேறிடத்திற்குப் படியெடுத்து, துணைக்கோப்பை விட்டுச் செல்லுதலும் அத்தன்மையதே. பொறி செய்யாத கேட்டைக் கை செய்வது இங்கேதான்.

6. முறிவின் வகைகளும் தீர்வின் முறைமையும்

மேம்படுத்தல் முறிந்தபின் செய்யவேண்டுவனவற்றுள் முதலாவது, மென்பொருளை மூடி, தரவுக் கோப்புறை முழுவதையும் அப்படியே வேறொரு வட்டில் படியெடுத்தலாகும். தரவுத்தளம், துணைக்கோப்பு, 'பேக்' படிகள், 'ஸ்டோரேஜ்' கோப்புறை ஆகிய அனைத்தும் அதில் அடங்குதல் வேண்டும். எத்தீர்வையும் இப்படியெடுப்பிற்கு முன் முயலுதல் கூடாது. நோயறியுமுன் மருந்திடுதலினும் தீயது, மூலத்தைக் காவாமல் திருத்தத் தொடங்குதல்.

அடுத்து, முறிவின் வகையை அறிதல் வேண்டும். வகைகள் ஐந்தென வகுக்கலாம்.

நூலகம் வெறுமையாகத் தோன்றுதல் முதல் வகை. இது பெரும்பாலும் இழப்பன்று. மென்பொருள் வேறொரு கோப்புறையை நோக்கி நிற்றலே காரணம். 2017ஆம் ஆண்டு கோப்புறை இடம் மாறியபோது இக்குழப்பம் நேரத்தக்கதாயிற்று. கணினி முழுவதும் 'ஜோட்டெரோ.எஸ்க்யூலைட்' என்னும் பெயருடைய கோப்புகளைத் தேடி, அவற்றின் அளவையும் நாளையும் ஒப்பிட்டால், உரிய கோப்பு எது என்பது புலப்படும். பின்னர் அமைப்புகளில் அதன் இடத்தைச் சுட்டினால் போதும்.

திறக்க இடந்தராமை இரண்டாம் வகை. மென்பொருளின் மற்றொரு படிவம் மறைவில் இயங்கிக்கொண்டிருத்தலும், கோப்பிற்கு எழுதும் உரிமை இல்லாமையும் இதற்குக் காரணங்கள். கணினியை மறுமுறை தொடக்குதலும் உரிமையைச் சீர்செய்தலும் தீர்வுகள்.

பதிப்பு முரண் மூன்றாம் வகை. ஒரு கணினியில் புதிய பதிப்பால் மாற்றப்பட்ட தரவுத்தளத்தை மற்றொரு கணினியின் பழைய பதிப்பு ஏற்க மறுக்கும். இம்மறுப்பு குறையன்று, காவலே ஆகும். தனக்குப் புரியாத அமைப்பில் பழைய மென்பொருள் எழுதத் தொடங்கினால் கேடே விளையும். புதிய பதிப்பை நிறுவுதலே நேரிய தீர்வு. பழைய பதிப்பிற்கே திரும்ப விரும்புவோர்க்கு, மேம்படுத்தலுக்கு முன் எடுத்த எண்ணுடைய படி உதவும். ஆயினும் அதன்பின் சேர்த்த பதிவுகள் அதில் இரா.

செருகுநிரல் முரண் நான்காம் வகை. பிறர் ஆக்கிய செருகுநிரல் புதிய பதிப்போடு இயையாது தொடக்கத்தையே தடுத்தல் கூடும். செருகுநிரல்களை நீக்கித் தொடக்கிப் பார்த்தால் தரவுத்தளம் குற்றமற்றதா என்பது தெளிவாகும்.

தரவுத்தளமே சிதைந்திருத்தல் ஐந்தாம் வகை. இதுவே உண்மையான நோய். முன்னர் இருந்து வெளித்தோன்றாத சிதைவும், அட்டவணை முழுவதையும் படிக்க நேரும் மேம்படுத்தலின்போது வெளிப்படுதல் உண்டு. ஆகவே மேம்படுத்தல் நோயைக் காட்டியதேயன்றி நோயைத் தந்தது அன்று என்று கொள்ள வேண்டிய இடங்கள் பல. ஜோட்டெரோவின் அமைப்புகளுள் தரவுத்தளத்தின் செம்மையைச் சோதிக்கும் வசதி உள்ளது. சிதைவு உறுதியாயின் மூன்று வழிகளை முறையே முயலலாம். 'பேக்' படியை உரிய பெயரிட்டு வைத்துத் திறத்தல் முதல் வழி. ஆக்கியோர் தம் தளத்தில் வைத்துள்ள பழுதுநீக்கும் கருவியிடம் கோப்பைத் தந்து திருத்திய கோப்பைப் பெறுதல் இரண்டாவது. ஒத்திசைவு முன்னரே அமைத்திருப்பின், சிதைந்த கோப்பை அகற்றிவிட்டு, சேவையகத்திலுள்ள தரவை மீண்டும் இறக்கிக் கொள்ளுதல் மூன்றாவது. மூன்றாம் வழியில் 'ஸ்டோரேஜ்' கோப்புறையை இருந்த இடத்திலேயே விட்டுவைத்தல் வேண்டும். பதிவுகள் தம் எட்டெழுத்துப் பெயரோடு திரும்பி வருதலின், படிகள் தாமே இணையும். ஒத்திசையாத அண்மைத் திருத்தங்கள் மட்டும் இதில் திரும்பா.

எவ்வழியால் மீட்டாலும் ஒப்புநோக்குதல் இன்றியமையாதது. பதிவுகளின் தொகை முன்னிருந்ததோடு பொருந்துகின்றதா, சேர்த்த நாள்வரிசையில் அண்மைப் பதிவுகள் உள்ளனவா, குறிப்புகளும் அடிக்கோடுகளும் குறையாதுள்ளனவா என்று நோக்கியபின்னரே பழைய படிகளை நீக்குவது பற்றி எண்ணுதல் தகும்.

7. தீர்வெனத் தோன்றும் தீங்கு

பழைய கணினியிலோ பழைய பதிப்பிலோ நூலகம் திறக்கின்றதெனின், பதிவுகளையெல்லாம் பிப்டெக்ஸ், ரிஸ் போன்ற பரிமாற்ற வடிவங்களில் ஏற்றுமதி செய்து, புதிய நூலகத்தில் இறக்குமதி செய்தால் இடர் தீரும் எனக் கருதுவோர் உண்டு. பட்டியல் திரும்பி வருதலால் இது தீர்வு போலவே தோன்றும். ஆயினும் ஆய்வேடு எழுதிக்கொண்டிருப்போர்க்கு இதனினும் பெரிய தீங்கு இல்லை.

காரணம் கூறுதும். சொற்செயலியில் எழுதும் ஆய்வேட்டில் இடப்பெறும் ஒவ்வொரு மேற்கோளும் நூலகத்தின் குறிப்பிட்ட ஒரு பதிவோடு அதன் அடையாளத்தால் பிணைக்கப்பட்டுள்ளது. இறக்குமதியில் அதே நூலுக்குப் புதிய பதிவும் புதிய அடையாளமும் பிறக்கின்றன. மனிதக் கண்ணுக்கு இரண்டும் ஒரே நூல், மென்பொருளுக்கு வெவ்வேறு. ஆகவே புதிய நூலகத்தில் ஆசிரியர் பெயரையோ ஆண்டையோ திருத்தினால், ஆய்வேட்டின் பழைய மேற்கோள்கள் அத்திருத்தத்தை ஏற்கா. நூற்றுக்கணக்கான மேற்கோள்களை ஒவ்வொன்றாக மீண்டும் இணைக்க நேரிடும். தரவுத்தளத்தை அப்படியே படியெடுத்தலும், ஒத்திசைவினால் மீட்டலும் அடையாளத்தைக் காக்கும். ஏற்றுமதியும் இறக்குமதியும் அதனைக் காவா. நூலின் பெயர் எஞ்சுதல் வேறு, நூலோடு கொண்ட தொடர்பு எஞ்சுதல் வேறு என்னும் நுட்பத்தை ஆய்வாளர் உணர்தல் வேண்டும்.

8. மதிப்பீடு

மேற்கூறியவற்றை அடிப்படையாகக் கொண்டு இம்மென்பொருளின் குணமும் குற்றமும் நாடுவோம்.

திறந்த கோப்பு வடிவே தலையாய குணம். இதன் அருமையை மற்றொரு மென்பொருளோடு ஒப்பிட்டால் அறியலாம். மெண்டலி என்னும் மேற்கோள் மென்பொருளும் எஸ்க்யூலைட் கோப்பிலேயே தரவைச் சேமித்து வந்தது. அதனை எல்சவியர் பதிப்பகம் 2013ஆம் ஆண்டு வாங்கியது. 2018ஆம் ஆண்டு வந்த 1.19ஆம் பதிப்பில் அக்கோப்பு மறையாக்கம் செய்யப்பட்டது. அதன்பின் பயனரின் கணினியிலேயே உள்ள பயனரின் தரவைப் பிற கருவிகள் நேரே படித்தல் இயலாததாயிற்று. மேம்படுத்தல் என்னும் பெயரில் வந்த மாற்றமே மீட்கும் வாயிலை அடைத்தது. ஜோட்டெரோவில் மென்பொருள் முற்றும் செயலற்றாலும் கோப்பைப் படிக்க வழியுண்டு. தன் உழைப்பைப் பிறர் இசைவின்றித் தானே எடுத்தாளும் உரிமை ஆய்வாளர்க்கு இருத்தல் வேண்டும் என்னும் கொள்கையை இது நிலைநாட்டுகின்றது.

குற்றங்கள் மூன்று. முதலாவது, திரையின் மௌனம். தரவுத்தளம் மேம்படுத்தப்படுகின்றது, சில நிமிடங்கள் ஆகலாம் என்னும் பொருள்பட ஒரு செய்தி தோன்றுகின்றது. எவ்வட்டவணை எழுதப்படுகின்றது, எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதை அது கூறுவதில்லை. பெரிய நூலகத்திற்குச் சில நிமிடங்கள் மிகப்பல நிமிடங்களாகும். அந்நிலையில் பயனர் பொறுமையிழத்தல் அவர் குற்றம் மட்டும் அன்று. பழைய தரவின் முழுப்படி எடுக்கப்பட்டுள்ளது, அஞ்சற்க என்னும் ஒரு தொடரையேனும் அச்செய்தியோடு சேர்த்திருப்பின் பல கேடுகள் தோன்றாதொழியும்.

இரண்டாவது, காப்புப்படி இருக்கும் இடம். மூலமும் படியும் ஒரே கோப்புறையில், ஒரே வட்டில் கிடக்கின்றன. வட்டே பழுதானால் இரண்டும் ஒருங்கே அழியும். ஒரு பெட்டியில் வைத்த இரு படிகளைச் சுவடியியலார் இரு காப்பிடங்கள் என எண்ணார். தரவுத்தளம் சிதைந்ததெனக் கண்டால் ஜோட்டெரோ அதனை ஒதுக்கி வைத்துவிட்டு, தானெடுத்த கடைசிப் படியைத் திறந்து, அதனைப் பயனர்க்கும் அறிவிக்கின்றது. இது நன்றே. ஆயினும் இடைப்பட்ட காலத்தில் சேர்த்த எவை போயின என்பதை அது பட்டியலிட்டுக் காட்டுவதில்லை. அறிவிப்பை மேலோட்டமாகப் படித்து மூடியவர், தம் கடைசி உழைப்பு இல்லாமற் போனதை நெடுநாள் கழித்தே உணர்தல் கூடும். ஒத்திசைவு இக்குறையை ஓரளவு நிரப்பும். ஆனால் அதுவும் காப்புப்படி ஆகாது. ஒரு கணினியில் அழித்தது மற்றக் கணினியிலும் அழியும்.

மூன்றாவது குற்றம் அமைப்பைப் பற்றியது. ஆய்வாளர் கைப்பட எழுதிய குறிப்பும், பொறி தானே ஆக்கிய சொல்லடைவும் ஒரே தரவுத்தளத்துள் வைக்கப்பட்டுள்ளன. முன்னது இழந்தால் மீளாது. பின்னதை எப்போது வேண்டினும் மீண்டும் ஆக்கலாம். மீண்டும் ஆக்கத்தக்க ஒன்று கோப்பைப் பருமையாக்கி, மீளாத ஒன்றின் மேம்படுத்தலைத் தாமதப்படுத்துகின்றது. நூலையும் அதற்குப் பிறர் ஆக்கிய சொல்லடைவையும் வெவ்வேறு கட்டடமாகக் கட்டுதலே நல்ல பதிப்பாசிரியர் போற்றும் முறை. அம்முறையை ஈண்டும் பின்பற்றியிருப்பின் நலமாகும் என்பது எம் துணிபு.

9. முடிவுரை

மேம்படுத்தலைத் தவிர்த்து என்றும் பழைய பதிப்பிலேயே இருத்தல் தீர்வன்று. கணினியின் இயங்குதளமும் சொற்செயலியும் மாறிக்கொண்டே செல்ல, பழைய மென்பொருள் ஒருநாள் திறவாது போகும். மாற்றத்தை ஏற்றே தீரவேண்டும். ஏற்கும் முறையே கருதத்தக்கது.

அம்முறை மிக எளிது. மேம்படுத்துமுன் கோப்புறை முழுவதையும் வேறு வட்டில் படியெடுத்தல், தரவை மேகச் சேமிப்பு ஒத்திசைக்கும் கோப்புறையில் வையாமை, போதிய இடமும் போதிய நேரமும் ஒதுக்குதல், முறிந்தால் எதனையும் அழியாமை, மீட்டபின் ஒப்புநோக்குதல் ஆகிய ஐந்தும் போதும். இவற்றைக் கணினி அறிஞர்க்குரிய தனி நுட்பங்கள் என ஒதுக்குதல் பொருந்தாது. மூலத்தைக் காத்தலும், படியை ஒப்பிடலும், ஐயுற்ற இடத்தில் நிறுத்தி நோக்கலும் நம் துறை நெடுங்காலமாகப் பயின்று வந்த ஒழுக்கங்களே. ஏட்டில் காட்டிய அவ்விழிப்பைக் கோப்பிலும் காட்டுதல் வேண்டும். ஆய்வு மாணவர்க்கு மேற்கோள் மென்பொருளை அறிமுகப்படுத்தும் ஆசிரியர்கள், பதிவு சேர்க்கும் முறையைக் கற்பிக்கும் நாளிலேயே படியெடுக்கும் முறையையும் கற்பிப்பாராயின், ஆய்வேடு முடியும் தறுவாயில் சான்றுகளை இழந்து நிற்கும் துன்பம் பலர்க்கு நேராது.